காணாமல் போன தொண்ணூற்றைந்து அடி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்கு நான் மூளையைக் கசக்கவில்லை. இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஞானதாஸ் வீட்டில் நடந்ததை, நடக்க நடக்கவே நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டேன். அனுமதி பிறகுதான் கேட்டேன். "எழுதிக்கோ ரைட்டரே, ஆனா என்னைக் கொன்னுடாத" என்றார்.

நியாயமான பயம். இருபத்தாறு வருஷமாக வார இதழ்களில் தொடர்கதை எழுதுகிறேன். மூன்றாவது அத்தியாயத்துக்குள் ஒருவர் பிணமாகாவிட்டால் ஆசிரியர் போன் பண்ணுவார்.

இதில் யாரும் சாகமாட்டார்கள். ஒருவர் மட்டும் முழங்கால் வரை நனைவார். (நான்.)

ஆரம்பத்தை மூன்று தடவை எழுதினேன். அடித்ததை மறைக்கவில்லை, பாருங்கள்:

நூற்றிருபதாவது அடியில் நரம்பு நின்றது. அதன் மறுமுனையில்—

[மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் மீன். அதற்கு இவ்வளவு பில்டப் ஆகாது.]

"அவன் பொய் சொல்றான்!" என்றார் ஞானதாஸ். ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல்—

[நிழல் தள்ளுவண்டியில் கீரை விற்கிறவருடையது. பழக்கதோஷம்.]

வால்-ஐ என்பது ஒரு மீன்.

[பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஆனால் இந்த மூன்றில் இது ஒன்றுதான் உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.]

2

வால்-ஐ என்பது ஒரு மீன். கனடாப் பக்கத்து ஏரிகளில் இருக்கிறது. கண் கோலிக்குண்டு மாதிரி பளபளக்குமாம். "பளபளக்குமாம்" என்று எழுதக் காரணம், நான் அதைப் பார்த்ததில்லை. இந்தக் கதையில் அதைப் பார்த்திருக்கிற ஒரே ஆள் பிரதாப்.

பிரதாப் பக்கத்துப் பங்காருபேட்டைப் பையன், கன்னடக் குடும்பம், கனடாவில் கம்ப்யூட்டர் வேலை. ஞானதாஸின் மகள் தென்றல் அதே ஊரில் நர்ஸ். கட்டிக்கொள்வதென்று இருவரும் முடிவெடுத்து வீட்டில் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் ஒரு வருஷம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், பிறகு வலி தாங்காமல் இறக்கிவிட்டார்கள். இருவரும் லீவில் வருவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரதாப்பின் அப்பா அம்மா வேன் பிடித்து வந்து முறைப்படி பெண் கேட்பது என்று ஏற்பாடு.

ஞானதாஸ் எங்கள் ஊர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்தவர். ஆட்கள் ஏறிய கூண்டை, அதாவது கேஜை, இரும்புக் கயிற்றில் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழிக்குள் இறக்கி ஏற்றுகிற வேலை. இதில் விசேஷம் என்னவென்றால், டிரைவர் உட்காரும் இடத்திலிருந்து கேஜ் தெரியாது. எதிரே ஒரு டயல், ஒரு முள். முள் எத்தனை அடி காட்டுகிறதோ அத்தனை அடியில் நாற்பது பேர் நிற்கிறார்கள் என்று நம்ப வேண்டும். பதினோரு வருஷம் நம்பினார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. சுரங்கம் மூடியதும் பெங்களூரில் லிஃப்ட் மாட்டும் கம்பெனிக்கு தினம் ரயிலில் போய் வந்தார். "அதே வேலைதான் ரைட்டரே. அப்ப ஆறாயிரம் அடி, இப்ப பதினாலு மாடி. சம்பளம்தான் ஏறிச்சு, கயிறு குறைஞ்சிடுச்சு" என்பார்.

போன வருஷம் அதிலிருந்தும் ரிட்டையர். அதனால்தான் ஒரு காலை பத்து மணிக்கு போனை நீட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வர அவருக்கு நேரம் இருந்தது.

3

"இதுல எது நல்லா கீது, சொல்லு."

போனில் மூன்று படம். மூன்றும் தூண்டில் ரீல். கைப்பிடி வைத்த சின்ன உருளை, அதில் நைலான் நரம்பு சுற்றியிருக்கும்.

"மீன் பிடிக்கப் போறீங்களா ஞானதாஸ்?"

"எனக்கில்ல. அந்தப் பையனுக்கு. அவன் ரீலுல அடி காட்டற கவுண்டரு போயிடுச்சாம், தென்றல் சொல்லிச்சு. எத்தனை அடி நரம்பு விட்டோம்னு தெரியணுமாம். ஒரு மீனு மாட்டிச்சுன்னா, அடுத்த தரமும் அதே அடிக்கு விடணும். தட்டுல பழத்தோட ஒண்ணு வச்சிக் குடுக்கலாம்னு."

"கனடாலயே கிடைக்குமே?"

"கிடைக்கும். மாமனாரு குடுத்த ரீலு கிடைக்குமா?"

நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

முதல் ரீலில் கவுண்டரே இல்லை, விலை குறைவு. "கண்ணை மூடிக்கினு கேஜ் இறக்கச் சொல்றியா?" தள்ளுபடி. மூன்றாவதில் பேட்டரி போட்ட குட்டித் திரை, எண்கள் ஒளிரும். எனக்கு அது பிடித்திருந்தது. "பேட்டரி உட்கார்ந்தா? நடு ஷாஃப்டுல தொங்குவியா?" அதுவும் போயிற்று. நடுவிலிருந்ததில் பழைய ஸ்கூட்டர் மீட்டர் மாதிரி சின்ன ஜன்னல், அதில் மூன்று எண் சக்கரங்கள். ஞானதாஸ் படத்தைப் பெரிசாக்கினார். இன்னும் பெரிசாக்கினார். பெண் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"டிரம்முல நரம்பு ரொம்பி இருக்கிறப்ப ஒரு சுத்துக்கு எத்தனை அடி? பாதி காலியானப்புறம் எத்தனை அடி?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இன்னா ரைட்டரு நீ! ரொம்பி இருந்தா சுத்து பெருசு. காலியானா சின்னது. இந்தச் சக்கரம் சுத்தைத்தான் எண்ணுது, அடியை இல்ல. கம்பெனிக்காரன் சொன்ன தடிமனுல நரம்பு வாங்கி, விளிம்பு வரைக்கும் சுத்தினாத்தான் கணக்கு நிக்கும்."

தேடிப் பார்த்தேன். தயாரித்தவர்கள் அதையேதான், எட்டாவது பத்தியில், சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள். வாழ்க்கையில் ஒரு மீன்கூடப் பிடிக்காத மனுஷன் படத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார்.

"மணி கீதா?"

நரம்பு ஓடும்போது கடகடவென்று சத்தம் கொடுக்க ஒரு பொத்தான் இருந்தது.

"அது போதும். மணி இல்லாம எவன் கயிறு விடுவான்? போடு ஆர்டரு. உன் வீட்டு அட்ரஸுக்கு."

"ஏன் என் வீடு?"

"வீட்டுல சுலோ பாத்தா, கனடாலயே கிடைக்குமேன்னு கேப்பா. ஒரு தரம் பதில் சொல்லிட்டேன், திரும்ப சொல்ல முடியாது."

4

இனி குற்றம் நடந்த இடம்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஞானதாஸ் வீட்டு முன்னறை. அடுத்த ஞாயிறு பெண் கேட்க வருகிறார்கள். ரீல் இன்னும் வந்து சேரவில்லை. ஞானதாஸின் மனைவி சுலோச்சனா ஓவர்டைம் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். நானும் காத்தவராயனும் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

(காத்தவராயன் இந்தக் கதைக்குத் தேவையா என்று எனக்கே சந்தேகம். ஷாஃப்ட் வாயில் நின்று கேஜுக்கு மணி அடித்தவர், அதனால் எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவர். இரண்டு தடவை அடித்துவிட்டுப் பார்த்தேன். அவர் இல்லாவிட்டால் குற்றத்தில் என் பங்கு கூடுதலாகத் தெரிகிறது. இருக்கட்டும்.)

வீடியோ காலில் பிரதாப். முகமெல்லாம் பல்.

"அங்கிள், இன்னிக்கு நாலு வால்-ஐ! நூத்தி இருபது அடி விட்டேன், கரெக்டா அங்க கடிச்சுது. அப்புறம் ஒவ்வொரு தரமும் நூத்தி இருபதே. கவுண்டர் இல்லல்ல, கையை நீட்டி நீட்டி அளந்தேன்!"

"நூத்தி இருபதா! அப்ப ஏரி நல்ல ஆழம்?"

"இல்ல அங்கிள். அந்த இடத்துல இருபத்தஞ்சு அடி, அஷ்டே, அவ்ளோதான். ஆழம் காட்டற மெஷின் வச்சு பார்த்தேன்."

ஞானதாஸின் சிரிப்பு பாதியில் நின்றது. "சரிப்பா" என்றார். போனை மேஜைமேல் கவிழ்த்தார்.

"இருபத்தஞ்சு அடி தண்ணி. நூத்தி இருபது அடி கயிறு. மீதி தொண்ணூத்தஞ்சு எங்க போச்சு?"

காத்தவராயன் டம்ளரைக் கீழே வைத்தார். "கேஜு அடியில குந்திக்கிச்சுபா. கயிறு அதும்மேல சுருண்டு சுருண்டு விழுது. நம்ம ஷாஃப்டா இருந்தா டிரைவரை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பான்."

"சுருண்டு கிடந்தா மீனு எப்படி நாலு தரம் கடிக்கும்? இவன் விடவே இல்ல. சும்மா அடிச்சு விடறான்."

இங்கே நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். தமாஷுக்குத்தான் சொன்னேன்: "என் கதையில சின்னப் பொய் சொல்றவன்தான் பதினாலாவது அத்தியாயத்துல மாட்டுவான்."

ஞானதாஸ் சிரிக்கவில்லை.

"ஆழத்துல பொய் சொல்றது சின்னப் பொய்யா ரைட்டரே? முள்ளு அம்பது காட்டறப்ப நான் நூறுன்னு சொல்லியிருந்தா, இந்த ஊருல எத்தனை வீட்டுல அன்னிக்கு அடுப்பு எரிஞ்சிருக்காது?"

தென்றலுக்கு மெசேஜ் போனது: ஞாயிறு வேணாம். யோசிக்கணும்.

பதிலுக்குப் பதினோரு கேள்விக்குறிகள் வந்தன. பிறகு கால் வந்தது. அவர் எடுக்கவில்லை. காரணத்தை யாருக்கும் சொல்லக்கூடாது என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கினார். சொன்னால் பையனுக்கு அவமானமாம். அந்த நிலையிலும் மனுஷருக்கு அது தோன்றியது.

5

வாசகர் கேட்பது எனக்குக் கேட்கிறது. இதற்காக ஒருவர் மகள் கல்யாணத்தை நிறுத்துவாரா?

எனக்கும் சந்தேகம் வந்தது. நம்பும்படியாக இருக்கட்டும் என்று ஒரு காரணம் போட்டுப் பார்த்தேன்: ஞானதாஸின் மனதுக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. பையன் வேற்று மொழி—

[இல்லை. அந்தச் சண்டை போன வருஷமே முடிந்துவிட்டது. முடிந்த சண்டையைக் கிளப்பக்கூடாது.]

நம்பும்படியான காரணம் எழுதுவது சுலபம். நிஜமான காரணம் தொண்ணூற்றைந்து அடிதான். இன்னொன்றும் சொல்கிறேன், வெட்கத்தோடு. நானும் நம்பினேன். பையன் பொய்தான் சொல்கிறான் என்று. நான் இந்த ஊரில் பிறந்தவன். எங்கள் ஊரில் கயிற்றுக்கு ஒரே திசைதான் உண்டு, அது கீழே. நூறு வருஷம் மொத்த ஊரும் அந்தத் திசையில் இறங்கி, அந்தத் திசையிலிருந்து ஏறி வந்து சாப்பிட்டது. எத்தனை அடி கயிறோ அத்தனை அடி ஆழம். இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது?

புதன்கிழமை ரீல் வந்தது. ஞானதாஸ் அதைத் தொடவில்லை. "திருப்பி அனுப்பு" என்றார். பெட்டியை என் மேஜைமேல் வைத்தேன்.*

* தொடர்கதைக்காரனுக்கும் நேர்மை உண்டு. பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் "ட்ரோலிங் ரீல்" என்று போட்டிருந்தது. ஏதோ மாடல் பெயர் என்று நினைத்தோம். துப்பு அங்கேயேதான் கிடந்தது, அதன்மேல் டீ டம்ளர் வைத்தேன்.

6

வியாழக்கிழமை சாயங்காலம் சுலோச்சனா வந்தார். ஷிஃப்ட் முடிந்து நேராக, யூனிஃபார்மோடு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க. கனரகத் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர். கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேன். சர்வீஸ் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது.

"ரைட்டரண்ணா, அந்த மனுஷன் நாலு நாளா ரசத்துல உப்பு இல்லன்னுகூட சொல்ல மாட்டேங்கறாரு. பொண்ணு அங்க அழுவுது. டிக்கெட்டை கேன்சல் பண்றேன்றா. இன்னா நடந்துச்சு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரியாதவரு இன்னாத்துக்கு நோட்டை மூடறீங்க?"

நான் மேலே இருக்கும் நான்காவது பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தேன். படிக்க விடமாட்டேன் என்று செய்யவில்லை. நோட்டு அவர் கைக்குப் போனது. நின்றபடியே படித்தார். "பெண் பார்க்கிற மாதிரி பார்த்தார்" வந்த இடத்தில், "என்னைப் பாக்க வந்தப்ப இவ்ளோ நேரம் பாக்கல" என்றார். காத்தவராயன் வந்த இடத்தில், "இவரு எதுக்கு?" என்றார். தொண்ணூற்றைந்து அடி வந்ததும் நின்றார்.

"படகு ஓடுச்சா, நின்னுச்சா?"

"என்ன?"

"இதுல எழுதவே இல்லையே. மூணு ஆம்பளைங்க குந்தி யோசிச்சிருக்கீங்க, ஒருத்தரும் அந்தப் புள்ளைய கேக்கலையா? அது இன்னா ஷாஃப்டு மேல நிக்கற சக்கரமா? படகுண்ணா! நவுரும்!"

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினார். நாடாவின் நுனியைப் பிடித்து, அட்டையை மேஜைமேல் இழுத்துக்கொண்டு நடந்தார்.

"கை எங்க கீது? இங்க. கார்டு எங்க கீது? பின்னால. நான் கிரேன் ஓட்டறவ. கிரேன் நவுந்தா, தொங்கற ஹூக்கு பின்னாலதான் வரும். தண்ணியில இழுத்தா கேக்கவே வேணாம். தொண்ணூத்தஞ்சு அடி எங்கேயும் ஓடிப் போவல. படகுக்குப் பின்னால படுத்துக்கினு வருது!"

நாடாவை இழுத்த வேகத்தில் டம்ளர் நகர்ந்தது. பெட்டியின்மேல் எழுத்து தெரிந்தது. அகராதி பார்த்தேன். ட்ரோலிங்: ஓடும் படகின் பின்னே தூண்டிலை இழுத்துச் செல்லுதல்.

நாற்பது துப்பறிவாளர்களைப் படைத்தவன் நான். ஒருவனும் உதவிக்கு வரவில்லை.

"நீங்களே போய் அவருகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"நான் சொன்னா? முள்ளைக் கண்ணால பாத்தாத்தான் நம்பற ஆளு அவரு. நாளைக்கு லீவு போடறேன். பேத்தமங்கலம் ஏரிக்குப் போறோம். நீங்களும் வரீங்க. மாட்டுவான்னு சொன்னீங்கல்ல, அதுக்குத் தண்டனை."

7

ஞானதாஸை எப்படி வரவழைத்தார் தெரியுமா? "திருப்பி அனுப்பறதுன்னா அனுப்பு. ஒரு தரம் ஓட்டிப் பாக்காமயா அனுப்புவ?" அவ்வளவுதான். இரவு சாப்பாட்டுக்கு முன்னாலேயே நரம்பை விளிம்பு வரை, வரி தப்பாமல் சுற்றி முடித்துவிட்டாராம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. பரிசல்காரர் கிறிஸ்டோ எங்கள் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். தூண்டில் கோல் வாங்க மறந்திருந்தோம், ரீலை ஒரு மூங்கிலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தோம். ஏறும்போது நான் தண்ணீரில் காலை விட்டேன். (வாக்குக் கொடுத்தபடி, முழங்கால் வரை.)

கிறிஸ்டோ துடுப்புப் போட்டதும் பரிசல் செய்த முதல் காரியம் சுற்றியதுதான். விட ஆரம்பித்திருந்த நரம்பும் சுற்றியது. இரண்டு நிமிஷத்தில் நான் பம்பரம் மாதிரி கட்டுப்பட்டிருந்தேன்.

"பரிசல்னா சுத்தத்தான் செய்யும் சார். பஸ்ஸுன்னு நினைச்சீங்களா?"

"ரைட்டரண்ணாவை இப்படியே உட்டுடலாம்" என்றார் சுலோச்சனா. "ஊருல நாலு பேரு பொழைச்சுப்பாங்க."

அவிழ்த்தார்கள். கிறிஸ்டோ எதிர்ப் பக்கமாகவும் துடுப்பை மாற்றி மாற்றிப் போட்டு நேராக ஓட்டினார். ஞானதாஸ் இரையாகக் கட்டியிருந்த பிளாஸ்டிக் மீனைத் தண்ணீரில் விட்டு, ஜன்னலைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, சத்தப் பொத்தானை அழுத்தினார். கடகடகட. முப்பது. அறுபது. தொண்ணூறு. நூற்றிருபதில் நிறுத்தினார். சக்கரம் துளிகூடத் தாண்டவில்லை.

"இங்க ஆழம் எவ்ளோபா?"

கிறிஸ்டோ நீளக் கழியை இறக்கிக் காட்டினார். "பதினாலு அடி சார்."

ஞானதாஸ் நரம்பின்மேல் இரண்டு விரலை வைத்தார்.

"ஆடுது" என்றார். "அடியில குந்தல. நீந்துது."

பிறகு தலையைத் திருப்பி, நரம்பு போகிற வழியைப் பார்த்தார். அது கீழே போகவில்லை. எங்களுக்குப் பின்னால், தண்ணீரை ஒட்டியபடி, வெயிலில் மின்னிக்கொண்டே வெகுதூரம் போய்ச் சரிந்து இறங்கியது.

"கேஜு பின்னால வருது, சுலோ."

"வருதுல்ல?"

"அப்ப நூத்தி இருபதும் நிசம். இருபத்தஞ்சும் நிசம்."

"ரெண்டும் நிசம். நடுவுல நீதான்யா கோணல்."

அவர் கோபப்படவில்லை. நிதானமாக, ஒரு சுற்றுகூட ஏறிக்கொள்ளாமல், நூற்றிருபது அடியையும் திரும்பச் சுற்றினார். ஜன்னலில் பூஜ்யம் வந்தது. கரை வந்தது. போனை எடுத்தார். கனடாவில் அப்போது வியாழன் ராத்திரி. பெட்டி கட்டியாக வேண்டும், அல்லது டிக்கெட்டை ரத்து செய்தாக வேண்டும்.

"நான் இன்னான்னு சொல்வேன் அந்தப் புள்ளகிட்ட?" என்றார்.

சுலோச்சனா ஏரிக்கரை மேட்டைக் கைகாட்டினார்.

8

முடிவு எழுதவேண்டிய இடம் இது. மூன்று எழுதினேன்.

அ. "என்னை மன்னிச்சிடுப்பா" என்று ஞானதாஸ் விம்மினார். [ஆறாயிரம் அடி இறக்குகிறபோது கை நடுங்காத ஆள். விம்மமாட்டார்.]

ஆ. பிரதாப் நிதானமாகச் சொன்னான்: "லேட் ஆயிடுச்சு அங்கிள்." டொக்! [இது பழைய வியாதி. பையன் அப்படிப்பட்டவன் இல்லை.]

இ. அந்த நேரம் பார்த்து நரம்பில் ஒரு பெரிய மீன் மாட்ட, எல்லாரும் எல்லாவற்றையும் மறந்து— [கிறிஸ்டோவிடம் கேட்டேன். "அந்தப் பிளாஸ்டிக்குக்கு எங்க ஏரி மீன் ஏமாறாது சார்" என்றார்.]

நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

ஞானதாஸ் ஏரிக்கரைமேல் ஏறி, கொஞ்ச தூரம் நடந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி பேசினார். ஒன்றும் கேட்கவில்லை. வலது கை மட்டும் தெரிந்தது. முதலில் அது அசையாமல் தொங்கியது. பிறகு உயர்ந்தது. உள்ளங்கையைப் படுக்கவைத்து, காற்றில் முன்னால் நகர்த்தினார். நிறுத்தினார். விரலால் அதன் பின்னால் நீளமாக ஒரு கோடு இழுத்தார். மறுபடியும் உள்ளங்கை, மறுபடியும் கோடு.

சுலோச்சனாவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"ஐயையோ! மன்னிப்பு கேக்கப் போன மனுஷன் கிளாஸ் எடுத்துக்கினு கீறாரு! அந்தப் புள்ளைக்கே ட்ரோலிங் சொல்லிக் குடுக்கறாருண்ணா!"

சிரித்துச் சிரித்து கரைக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். கிறிஸ்டோவும் எதற்கென்று தெரியாமலே சிரித்தார்.

பத்து நிமிஷம் கழித்து ஞானதாஸ் வந்தார்.

"இன்னா சொன்னான்?" என்றார் சுலோச்சனா.

"ரீலுல எந்த சைஸு நரம்பு சுத்தினீங்க அங்கிள்னு கேட்டான்."

"ரீலு விஷயத்தை சொல்லிட்டியா? ஞாயித்துக்கிழமை தட்டுல வைக்கிறது?"

"அதைச் சொல்லாம எப்படி விளக்கறது?" என்றார் எரிச்சலோடு. "வேன்காரனுக்குப் போன் போடு. பையனோட அப்பா வண்டி வேணாம்னு சொல்லிட்டாராம், ஞாயித்துக்கிழமைக்கு திரும்ப வரச் சொல்லு."

அப்படியானால் மன்னிப்பு? கேட்டாரா, கேட்கவில்லையா? அன்றைக்கே கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள, நீ போ ரைட்டரே" என்றார். ஆகவே எனக்குத் தெரியாது, இட்டுக்கட்டவும் மாட்டேன்.

ஆனால் ஒன்று பார்த்தேன். பாடத்தின் நடுவில், இரண்டாவது கோட்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் இடையில், அந்தக் கை ஒரு தடவை காற்றில் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டது. பிறகுதான் திரும்ப உயர்ந்தது. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அந்த இடத்தில்தான் சொல்லியிருக்கவேண்டும். அந்த இடத்தை உங்களுக்காகக் காலியாக விடுகிறேன்:

"…………………………………"

நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று வார்த்தைக்கு மேல் வேண்டாம். கை நின்றது அவ்வளவு நேரம்தான்.